கேட்டதும் சொன்னதும்

யாழ்ப்பாணத்திலை 'நான் அப்பிடிச் சொல்லவேயில்லை' எண்டு ஆரும் தப்பேலாத ஒரே வேலையிடம் எங்கடை கந்தோர்தான். காரணம், பதிவு அண்ணை. அவருக்குச் சொந்தப் பேர் ஒண்டு இருக்கெண்டே கனபேருக்குத் தெரியாது.

இணுவில் பக்கம் ஒரு கலியாண மண்டபத்துக்கு இணையத்திலை புக்கிங் எடுக்கிற சேவையை நாங்கள் நடத்துறம். வெளியிலை இருந்து வாற ஒவ்வொரு கேள்வியையும், எங்கடை சேவர் குடுக்கிற ஒவ்வொரு மறுமொழியையும் அண்ணை அப்பிடியே டேற்றாபேசிலை பதிய விட்டிருந்தார். ஆரும் சும்மா மண்டபத்தின்ரை படத்தைப் பாத்திட்டுப் போனாலும் அதுக்கும் ஒரு வரி.

ஆளும் அப்பிடித்தான். "அண்ணை, தேத்தண்ணி குடிக்கிறியளோ?" எண்டால், "தேத்தண்ணி குடிக்கிறியளோ எண்டு கேட்டனீர். மறுமொழி, ஓம்" எண்டுவார். "பாப்பம்" எண்டு ஆரும் இழுத்தால் விடமாட்டார். "பாப்பம் மறுமொழி இல்லை. ஓமோ, இல்லையோ?" அவரின்ரை மனுசி எப்பிடித்தான் காலந்தள்ளுறாவோ எண்டு நாங்கள் கவலைப்படுவம்.

ஒருநாள் முதலாளி கத்தினார். "டேற்றாபேஸ் முட்டி வழியுது, சேவர் ஊருது. உந்தக் குப்பையை நிப்பாட்டும்!"

"பழசைச் சுருக்கி வைக்கிறன். நிப்பாட்டேலாது."

"ஏன் ஏலாது?"

"ஏன் ஏலாது எண்டு கேட்டனீங்கள். மறுமொழி, கேட்டதும் சொன்னதும் இல்லாட்டி, பிழை வாற அண்டைக்கு ஆரோ ஒரு பாவம்தான் மாட்டும்."

எங்களுக்குச் சிரிப்பு. முதலாளி தலையிலை அடிச்சுக்கொண்டு போயிட்டார்.

பிழை வந்தது. மண்டபக்காரர் வந்து நிண்டு துள்ளினார். ரொறன்ரோவிலை இருந்து புக்கிங் எடுத்த ஒரு மாப்பிள்ளையின்ரை தாய்க்கு வெள்ளிக்கிழமை மண்டபம் வேணும். எங்கடை சேவை சனிக்கிழமையைக் குடுத்திருக்கு. வெள்ளிக்கிழமை வேறை ஆக்களுக்குப் போயிட்டுது.

"சனிக்கிழமையிலை ஆர் ஐயா தாலி கட்டுறது?"

முதலாளி நேரே வாசுகியைப் பாத்தார். புக்கிங் பகுதி அவள் எழுதினது. வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான், அவளின்ரை உழைப்பிலைதான் வீடு ஓடுது.

"பிள்ளை, நாளைக்கு வரவேண்டாம்."

வாசுகி தன்ரை பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"பொறுங்கோ," எண்டார் பதிவு அண்ணை. எல்லாருக்கும் முன்னாலை பதிவைத் திறந்தார். வந்த கேள்வியிலை வெள்ளி. வாசுகியின்ரை பகுதிக்கு வரேக்கையே சனி. அண்ணை வரி வரியா மேலை போய்ப் பாத்தார். பிறகு தெளிவாச் சொன்னார்.

"இடையிலை கனடா நேரத்தை எங்கடை நேரமாக்கிற புரோகிராம் துண்டு நான் எழுதினது. அது கலியாண நாளையும் சேத்துத் தள்ளிப்போட்டுது. பிழை என்ரை. பிள்ளையை ஒண்டும் சொல்லாதேங்கோ."

ஐயோ, முதலாளிக்கு அந்தத் திரையிலை ஒரு வரியும் விளங்காது! அந்தப் பதிவைச் சத்தமில்லாமல் அழிச்சிருந்தால் ஒரு குருவிக்கும் தெரிய வந்திராது.

அண்டைக்குப் பின்னேரமே அண்ணை மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்டபம் மண்டபமாய் ஏறி இறங்கினார். "பாப்பம்" எண்டவையின்ரை வாசலிலை "ஓம்" வாற வரைக்கும் நிண்டார். கடைசியிலை மருதனார்மடத்திலை ஒரு மண்டபம் கிடைச்சு, வெள்ளிக்கிழமையே தாலி கட்டினது. முதலாளி அண்ணையோடை கனநாள் முகங்குடுத்துக் கதைக்கேல்லை. வாசுகி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

நான் ஒருநாள் மெல்லக் கேட்டன். "அண்ணை, அந்த வரியை அழிச்சிருக்கலாமே?"

முதல் தடவையா நான் கேட்டதைத் திருப்பிச் சொல்லாமல் மறுமொழி சொன்னார்.

"அழிச்சால் உந்தப் பிள்ளை எங்கை போறது?"

உவருக்கு நட்டுக் கழண்டு போச்சு எண்டு இப்ப ஆரும் சொன்னால், நான் சண்டைக்குப் போயிடுவன்.