ஏணிக்குக் கீழே ஒருவர்

தெருச்சுவரில் படம் வரைய யாராவது ஏணி சாத்தினால் ஐந்தே நிமிடத்தில் அதன் கீழே ஒருவர் முளைப்பார். அவருக்கு அண்ணாந்தார் என்று பெயர் வைப்போம். கைகள் முதுகுக்குப் பின்னால், தலை வானத்தைப் பார்த்து, வாய் மட்டும் ஓயாமல். சொந்த வீட்டில் காலண்டருக்கு ஓர் ஆணியை நேராக அடிக்க வராது. அதனால் என்ன? அடுத்தவர் வரைந்த கோட்டை நிமிர்த்த வருமே!

எங்கள் தெருமுனையில் எல்லோரும் குப்பை கொட்டுகிற மூலை ஒன்று இருந்தது. படம் இருந்தால் கொட்டக் கை கூசும் என்று நம்பி, ஓவியப் பெண் ஒருத்தியை அழைத்து, இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு கொக்கு வரையச் சொன்னோம். மாலை ஐந்துக்குத் திறப்பு விழா. மணி மூன்று, கொக்குக்கு இன்னும் தலை வரவில்லை. தலையில்லாத கொக்கையா திறந்து வைப்பது? தாமதத்துக்குக் காரணம் ஏணிக்குக் கீழே நின்றது.

“ஏம்மா, கால் குச்சியாட்டம் இருக்கே?”

“கொக்கு சார்.”

“கொஞ்சம் சதை போடேன். வெள்ளை வேற அடிச்சிருக்கே, அழுக்காயிடாது?”

“கொக்கு சார்!”

“அதைத்தாம்மா நானும் சொல்றேன்.”

அவள் இறங்கி வந்து பணிவாகச் சொன்னாள்: “உங்க கண்ணு எனக்கு இல்ல சார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்துச் சொல்லுங்களேன்.”

போனார். அங்கிருந்து அவர் கத்திய யோசனைகளையெல்லாம் பேருந்துகள் விழுங்க, அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியபடி தன் போக்கில் கொக்கை முடித்துவிட்டு, திறப்பு விழாவுக்காகக் கீழே தொங்கவிட்டிருந்த திரைக்குள் புகுந்துகொண்டாள். நடுநடுவே வெளியே எட்டி அவரையே உற்றுப் பார்த்தாள். தன் பேச்சுக்கு இத்தனை மரியாதையா என்று பூரித்துப் போனார் மனிதர்.

ஐந்து மணிக்குத் திரை விலகியது. கொக்கின் காலடியில் ஒருவர், கைகள் பின்னால், அண்ணாந்தபடி. தெருவே கைதட்டிச் சிரித்தது. நம்மவர் கிட்டே போய் நிதானமாக ஆராய்ந்தார்.

“எல்லாம் சரிம்மா. இந்த ஆளு யாரு? தொப்பை ஜாஸ்தி.”

“முப்பது வருஷமா நான் பாக்குற தொப்பை,” என்றார் அவர் மனைவி. “அளவு சரியாத்தான் இருக்கு.”

இப்போது அங்கே யாரும் குப்பை கொட்டுவதில்லை. கொட்ட இடமேது? அந்தத் தொப்பையைத் திருத்த எந்நேரமும் நாலு பேர் நிற்கிறார்கள்.

ஆமாம், கொக்குக்குப் பதில் மயில் வரைந்திருக்கலாமே என்று ஆரம்பத்திலேயே உங்களுக்குத் தோன்றியதா? எதற்கும் உங்கள் கைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுவரில் இன்னும் இடம் இருக்கிறது.