சீமெந்துக் கால் போட்ட செட்டி

வியாழக்கிழமை எனக்கு இரிந்த வேல ஒண்டே ஒண்டுதான். ஹோல்ல கிடக்கிற செட்டிக்கு, அதான் சோபாவுக்கு, கால் போடணும்.

பெரிய வேலயில்ல. நாலு கால்.

செட்டி வாங்கி ரெண்டு வருசம் கூட ஆகல்ல. கடையில காட்டக்குள்ள பளபளண்டு மினுங்கிச்சு. சாய்ந்தமருதுல எங்கட ஊடு கடலுக்குக் கிட்ட. உப்புக் காத்து ஒரு பக்கம், ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி ஊத்தித் தரை கழுவுற எண்ட பொஞ்சாதி சிபானா மறுபக்கம். கால் நாலும் தண்ணில போட்ட பாண் மாதிரி ஊதிப் போச்சு.

போன கிழமை அதுல எண்ட மாமி, சிபானாட உம்மா, ஆறுதலா இரிந்தா. பின்கால் ரெண்டும் மடிஞ்சிட்டு. மாமி காலத் தூக்கிக்கொண்டு பின்னால போய் செவத்துல சாஞ்சா. அல்ஹம்துலில்லாஹ், காயமில்ல. ஆனா நான் சிரிச்சிட்டன். அதுதான் எண்ட முதல் பிழை.

மரவேல செய்ற ஓடாவியக் கூட்டி வந்து காட்டினன். அவர் காலத் தட்டிப் பாத்தாரு. நகத்தால சுரண்டிப் பாத்தாரு.

"சேர், இது மரமில்ல."

"அப்ப என்ன?"

"மரத்துட தூள். பசை போட்டு அமத்தி வெச்சிருக்கானுகள். ஆணி அடிச்சாலும் நிக்காது."

"நல்ல மரத்துல கால் செஞ்சு தாங்களன்."

"ஓம், செய்யலாம். அக்கரைப்பற்றுல ஒரு கூரை வேல இரிக்கி. முடிச்சிட்டு ரெண்டு கிழமையால வாறன்."

ரெண்டு கிழமை! வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பொறகு மாப்புள ஊட்டாக்கள் வாறாங்க!

சிபானாட தங்கச்சி நஸ்ரினப் பாக்கத்தான். மச்சிக்கு ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கிற இடத்துல வேல. மாப்புளயும் அங்கதான் வேல செய்றாரு. ரெண்டு பேருக்கும் விருப்பம். பெரியாக்கள் இரிந்து கதைச்சு முடிச்சாச் சரி. ஆனா இதுக்கு முந்தி வந்த ரெண்டு சம்பந்தமும் இந்தக் கதைச்சு முடிக்கிற இடத்துலதான் நிண்டு போச்சு. அதால மாமி ஒரு கிழமையா ஊட்டக் கழுவித் துடைச்சுக்கொண்டே இரிக்கா.

"மருமகன், செட்டிய மட்டும் சரிபண்ணித் தந்தாப் போதும். வேற ஒண்டும் செய்யாதீங்க" எண்டா.

அந்த ரெண்டாவது வசனத்த நான் கொஞ்சம் கவனமாக் கேட்டிருக்கணும்.

நான் பள்ளிக்கூடத்துல விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். அப்படிப்பட்டவனுக்கு ஓடாவி எதுக்கு? கொப்பியும் பென்சிலும் எடுத்து, நானே யோசிச்சன். மரம் ஊறும். இரும்பு துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் வளையும். மிச்சம் என்ன? சீமெந்து!

பிவிசி பைப்ப நாலு துண்டா வெட்டணும். செட்டிட அடிச் சட்டத்துல நீட்டு போல்ட் பூட்டி, அது பைப்புக்குள்ள இறங்குற மாதிரி வெக்கணும். பைப்புட மேல்பக்கத்துல ஒரு ஓட்டை போட்டு, உள்ளுக்கு சீமெந்து ஊத்தணும். அவ்வளவுதான். கழுவுறவங்க கழுவட்டும், காத்து அடிக்கிற அளவு அடிக்கட்டும்.

படத்த சிபானாட்டக் காட்டினன்.

"இது என்ன, பாலமா?"

"செட்டி!"

"ஓடாவி வரட்டுமே."

"ஓடாவிக்கு இந்த யோசனை வருமா?"

"வராது" எண்டா. அத நான் பாராட்டா எடுத்துக்கிட்டன்.

மோட்டர்சைக்கிள்ல கல்முனைக்குப் போனன். ஹார்ட்வெயார் கடைக்காரர் கேட்டாரு.

"என்ன வேல சேர்?"

செட்டிக்குக் கால் எண்டு சொல்ல வெக்கமாப் போச்சு. "தூண் வேல" எண்டன்.

"எத்தின மாடி?"

"மாடியில்ல. சின்னத் தூண். நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள காயணும்."

"பாரம் எப்படி வரும்?"

மாமிய நெனச்சன். "நல்ல பாரம் வரும்."

அவர் யோசிச்சிட்டு உள்ளுக்குப் போய் ஒரு போத்தல் கொண்டு வந்தாரு. "இதக் கலந்து ஊத்துங்க. விடியிறதுக்குள்ள கல்லாப் போயிரும். ஊத்தினாப் பொறகு அசைக்கேலா சேர், கவனம்."

"அதானே எனக்கு வேணும்" எண்டன்.

ஊட்ட வந்து சாரனத் தூக்கிக் கட்டினன். செட்டி செவத்தோட ஒட்டிக் கிடந்திச்சு. பின்கால் பக்கம் கை போடவே இடமில்ல. இருட்டு வேற. செட்டிய அப்படியே ஒரு கிறுக்குக் கிறுக்கி, முதுகு வாசலுக்கும் முகம் செவத்துக்கும் வாற மாதிரி வெச்சன். இப்ப நல்ல வெளிச்சம். வேல முடிஞ்சாப் பொறகு திருப்பி வெச்சாச் சரிதானே!

பழைய கால் நாலையும் கழட்டி, அடியில செங்கல் அடுக்கி, பைப்பப் பூட்டி, கீழ பேப்பர் விரிச்சன். நஸ்ரின் பிளேன்டீயோட வந்து நிண்டு பாத்தா.

"செட்டியத் தலைகீழாக் கவுத்து வெச்சு ஊத்தேலாதா மச்சான்?"

"அப்படிச் செஞ்சா நாலு காலும் ஒரே மட்டத்துக்கு வராது. நிமித்தி வெச்சு ஊத்தினா தரையே மட்டம் பாத்துத் தரும்."

"அடியில பேப்பர் ஊறாதா?"

"நீ மருந்தப் பாரு புள்ள. சீமெந்த நான் பாத்துக்கிறன்."

குசினியில எண்ணெ ஊத்துற புனல எடுத்தன். அதுக்குள்ளால போறதுக்கு சீமெந்து கஞ்சி மாதிரி இரிக்கணும். கஞ்சியாவே கலக்கினன். முதலாவது கால் நான் நெனச்சத விடக் கூடக் குடிச்சிச்சு. ரெண்டாவதும் அப்படித்தான். கணக்குல எங்கயோ பிழை எண்டு நெனச்சுக்கொண்டு, சந்தோசமா இன்னொரு வாளி கலக்கி ஊத்தினன்.

கணக்குப் பிழையில்ல. ஊத்துறதெல்லாம் அடியால வெளிய போய்க்கொண்டு இரிந்திச்சு. செட்டிக்குக் கீழ தொங்குற துணி அத மறைச்சிட்டு.

வெள்ளிக்கிழமை காலையில செங்கல உருவிட்டு இரிந்து பாத்தன். மலை மாதிரி இரிக்கி! மாமியக் கூப்பிட்டன். மாமி பயந்து பயந்து இரிந்தா. மறுகா ஒரு குலுக்குக் குலுக்கிப் பாத்தா.

"மாஷா அல்லாஹ். அசையவே இல்லயே மருமகன்!"

விழுந்த நாளுக்குப் பொறகு மாமி எனக்குச் சிரிச்சது அப்பதான்.

"சரி, இப்ப இத வாசல் பக்கம் கிறுக்கி வைங்க."

ஒரு பக்கத்தத் தூக்கினன். வரல்ல. மறுபக்கத்துக்கு சிபானா வந்தா. வரல்ல. நஸ்ரின் வந்தா. மாமியும் பிஸ்மி சொல்லிக் கை குடுத்தா. எண்ட இடுப்புல மட்டும் 'டக்'குண்டு ஒரு சத்தம் கேட்டிச்சு.

குனிஞ்சு துணியத் தூக்கிப் பாத்தன். நாலு காலுட அடியிலயும் அப்பம் சுட்ட மாதிரி சீமெந்து வட்டமாப் பரவி, எங்கட சீமெந்துத் தரையோட ஒண்டாப் போய்க் கிடக்கி. பேப்பர்ல ஒரு மூல மட்டும் வெளிய தெரிஞ்சிச்சு. விளையாட்டுச் செய்தி.

மாமியும் குனிஞ்சு பாத்தா. மெதுவாக் கேட்டா, "மருமகன், மாப்புள ஊட்டாக்கள் செவத்தப் பாத்தா இரிக்கிற?"

இரும்பு அலவாங்கக் கொண்டு வந்து காலுக்கடியில குடுத்து ஒரு தெண்டு தெண்டினன். தரை அசையல்ல. செட்டிட வயித்துக்குள்ளதான் 'கிரீச்'சுண்டு பலகை பிளக்கிற சத்தம் வந்திச்சு. "விடுங்க! இரிக்கிறதையும் உடைக்காதீங்க!" எண்டு சிபானா அலவாங்கப் பறிச்சிட்டா. அதுக்குள்ள ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிட்டு.

கடைசியில பக்கத்து ஊட்டுல பிளாஸ்டிக் கதிரை வாங்கிப் போட்டம். செட்டிக்கு மேல ஒரு கட்டில் விரிப்ப மூடி, அங்க அப்படி ஒண்டு இல்லாத மாதிரி நடிக்கிறதெண்டு முடிவெடுத்தம்.

அசர் முடிய மாப்புளட வாப்பாவும் உம்மாவும் வந்தாங்க. வாப்பா ஹாஜியார், நல்ல பருத்த மனிசன். உம்மா மெலிஞ்சவ, கண் மட்டும் நாலு பக்கமும் ஓடுது. ஸலாம் சொல்லி உள்ளுக்கு வந்த ஹாஜியார் பிளாஸ்டிக் கதிரையப் பாத்தாரு.

"இது என்னத் தாங்காது தம்பி. எனக்கு மெத்தயான இடம்தான் சரி."

நான் வாயத் திறக்கிறதுக்குள்ள நேராப் போய், விரிப்ப ஒதுக்கி, செட்டிக்கும் செவத்துக்கும் நடுவுல இரிந்த இடுக்குக்குள்ளால சரிஞ்சு நுழைஞ்சு, செட்டியில இரிந்திட்டாரு. மூஞ்சிக்கு நேர செவர். செவத்துல ஒரு கலண்டர்.

"நல்ல செட்டி" எண்டாரு கலண்டரப் பாத்து. "நீங்கெல்லாம் எங்க?"

"பின்னுக்கு இரிக்கம் ஹாஜியார்."

சம்பந்தம் கதைக்க வந்த மனிசன்ட பிடரியோட எப்படிக் கதைக்கிற? நான் இடுக்குக்குள்ள போய் கலண்டருக்குப் பக்கத்துல செவத்தோட ஒட்டி நிண்டன். அவர் முழங்காலும் எண்ட முழங்காலும் முட்டுது. அவர் என்னட்டக் கேப்பாரு. நான் அவர்ட தலைக்கு மேலால மாமிட்டக் கேப்பன். மாமி சொல்றத நான் கீழ குனிஞ்சு அவர்ட்டச் சொல்லுவன்.

"ஏன் தம்பி இதச் செவத்தப் பாத்துப் போட்டிருக்கீங்க?"

"இந்தப் பக்கம்தான் ஃபேன் காத்து நல்லா வரும் ஹாஜியார்."

அவர் நிமிந்து பாத்தாரு. மேல ஃபேன் இல்ல. அது ஹோலுட மற்றப் பக்கத் தொங்கல்ல சுத்துது.

அந்த நேரம் பாத்து நஸ்ரின் தேத்தண்ணித் தட்டோட வந்தா. இடுக்குக்குள்ள நான் நிக்கிறதால அவளுக்கு வர வழியில்ல. அப்படியே நிண்டா. என்னப் பாத்தா. ஹாஜியார்ட பிடரியப் பாத்தா.

"மாமா, மச்சான் பொய் சொல்றாரு. செட்டிக்குக் கால் செய்றெண்டு சீமெந்து ஊத்தினவரு. அது தரையோட ஒட்டிட்டு. நாலு பேர் தூக்கியும் வரல்ல. குறை நினைக்காதீங்க."

மாமி கண்ண மூடிட்டா, வாய் மட்டும் என்னமோ ஓதுது. மூணாவது சம்பந்தமும் போச்சு, அதுக்குக் காரணம் நான்தான். ஹாஜியார்ட தோள் குலுங்கிச்சு. மனிசனுக்குக் கோவமாக்கும் எண்டு பாத்தா, சிரிக்கிறாரு! கண்ணால தண்ணி வரச் சிரிக்கிறாரு!

"எங்கட ஊட்டுக் கட்டிலுக்கு நான் கால் போட்ட கதை தெரியுமா தம்பி?"

"இஞ்சருங்க, அது வேணாம்!" எண்டு பின்னால மாப்புளட உம்மாட சத்தம் வந்திச்சு.

"நாலு பெயின்ட் வாளி! மண் நிரப்பி, அதுக்கு மேல கட்டில்!"

"திரும்பிப் படுத்தா கப்பல்ல போற மாதிரி ஆடுது" எண்டா மாப்புளட உம்மா. இவ்வளவு நேரமும் வாய் திறக்காதவ நஸ்ரின் பக்கம் திரும்பினா. "ஆறு மாசமா நான் கீழ பாயிலதான் படுக்கன் மகள்."

மகள்! மாமி கண்ணத் திறந்திட்டா.

நான் இடுக்கால வெளிய வந்து வழி விட, மாப்புளட உம்மா எழும்பி வந்து ஹாஜியாருக்குப் பக்கத்துல இரிந்து, நஸ்ரினையும் கையப் பிடிச்சு இழுத்து இருத்தினா. மூணு பேரும் செவத்தப் பாத்துத் தேத்தண்ணி குடிச்சாங்க. எங்கட ஆக்கள் பின்னால வரிசையாக் கதிரையப் போட்டு இரிந்தாங்க. பாக்க அக்கரைப்பற்று பஸ்ல ஏறின மாதிரி இரிந்திச்சு. கலண்டர் கண்ணுக்கு நேர தொங்கினதால நிக்காஹ்வுக்கு நாளும் அப்பவே பாத்து முடிஞ்சிது.

போகக்குள்ள ஹாஜியார் வாசல்ல நிண்டு எண்ட காதுக்குள்ள கேட்டாரு. "தம்பி, அந்தக் கலவைக்கு என்ன போத்தல் போட்டீங்க? கட்டிலுக்கு ஒருக்கா…"

"நடங்க!" எண்டா மாப்புளட உம்மா.

அடுத்த நாள் மேசனக் கூட்டி வந்தன். ரெண்டு பேரும் சேந்து ஒரு இழுவை இழுத்தம். செட்டி வந்திட்டு. மெத்த, பலகை, துணி எல்லாம் பிஞ்சு கையோட வந்திட்டு. கால் நாலும் மட்டும் நிண்ட இடத்துலயே நிக்கி.

மேசன் சுத்தியலால ரெண்டு தட்டுத் தட்டிப் பாத்தாரு. "சேர், இத உடைச்சா தரையும் சேந்து வரும். ஆரு போட்டது? நல்ல உறுதியான வேல."

இப்ப நான் கல்முனையில கடை கடையா ஏறி இறங்குறன். அந்த நாலு காலுக்கும் அளவான செட்டி ஒண்டு வேணும்.