ரோட்டு முனிக்குத் தலையைக் காட்டு

மலேசியாவில் கலும்பாங்கிலிருந்து கெர்லிங் போகும் பழைய சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலையானால் மோட்டார் சைக்கிளை நிறுத்த இடம் கிடைக்காது. சந்தை என்று நினைத்துவிடாதீர்கள். சாலையோரம் ஒரு நீலத் தார்ப்பாய்க் கூடாரம். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியின் மேல் புலித்தோல் அச்சடித்த போர்வை, போர்வையின் மேல் நல்லசாமி அடிகள். மக்கள் அவருக்கு வைத்த பெயர் ஹைவே சாமி. ஹைவே அங்கிருந்து வெகு தூரம் என்பது வேறு விஷயம்.

பெயரிலேயே சாமி இருந்ததால் அவருக்குப் பாதி வேலை முன்பே முடிந்திருந்தது. மீதிப் பாதியைத் தாடி முடித்தது. அதற்கு முன் என்ன தொழில் செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் காவல்காரர் வேண்டுமென்றால் கூட நற்சான்றிதழ் கேட்கிற நம் ஆட்கள், சாமியாரிடம் மட்டும் எதையும் கேட்கமாட்டார்கள். அது மரியாதை இல்லையாம்.

அடிகளின் சரக்கு மோட்டார்த் தாயத்து. ரவாங் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் சீருடையோடு வரிசையில் நிற்பார்கள். டயர் மொழுமொழுவென்று தேய்ந்திருக்கும், மாற்ற மனம் வராது. பிரேக் கத்தும், அது ஏதோ பாட்டுப் பாடுகிறது என்று விட்டுவிடுவார்கள். பின்விளக்கு எப்போதோ செத்திருக்கும். தாயத்தைப் புதுப்பிக்க மட்டும் ஒரு மாதமும் தவறமாட்டார்கள்.

கூடாரத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு வளைவு இருக்கிறது. இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம், விளக்குக் கம்பம் கிடையாது. குலை ஏற்றிய லோரிகள் அந்த இடத்தில்தான் குலுங்கித் திரும்பும். அங்கே அடிக்கடி மோட்டார்கள் விழும், சில பேர் எழுந்திருக்கமாட்டார்கள். அடிகள் வந்துதான் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார். அங்கே ஒரு ரோட்டு முனி குடியிருக்கிறானாம். சாலையில் தெரியும் சிவப்புக் கறை, முனி வெற்றிலை போட்டுத் துப்பிய சாறாம்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். லோரியிலிருந்து உதிர்ந்த பழம் நசுங்கினால் என்ன நிறம் வரும், அதை மிதித்தால் எப்படி வழுக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அந்தக் கறையைச் சட்டையிலிருந்து தேய்த்துத் தேய்த்தே அவர்கள் அம்மாமார் கை தேய்ந்துபோனது. அவர்களும் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"முனிக்கு வேற ஒண்ணும் வேணாம்லா," என்றார் அடிகள். "அந்தப் பக்கம் போறப்ப தலையைக் காட்டிட்டுப் போங்க. அது போதும்."

நாம் கல்யாண வீட்டில் தலையைக் காட்டுவோம், சாவு வீட்டில் தலையைக் காட்டுவோம். எட்டிப் பார்த்துவிட்டு வருவதற்கு அப்படிச் சொல்வது வழக்கம். அடிகளோ சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டார். முனி தலையைப் பார்க்கவேண்டும். மூடிய தலை முனிக்கு அவமரியாதை. ஆகவே வளைவு வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றவேண்டும், தாண்டிய பிறகு மாட்டிக்கொள்ளலாம். நாடெங்கும் ஆபத்தான இடத்துக்காகத்தான் ஹெல்மெட் போடுகிறார்கள். நம்மவர்கள் ஆபத்தான இடத்தைப் பார்த்துக் கழற்றினார்கள். வலது கையில் ஆக்சிலேட்டர், இடது கையில் ஹெல்மெட், வாயில் மந்திரம். கண்ணை மட்டும் எதற்காகத் திறந்து வைத்திருந்தார்களோ தெரியவில்லை.

சந்தேகப்பட்டவர்களுக்கும் அடிகளிடம் மருந்து இருந்தது. தாயத்து வேண்டாமா, பரவாயில்லை, இலவசமாக வண்டியைக் கழுவிக்கொண்டு போ என்பார். சீடன் தங்கராஜு குனிந்து வேப்பிலைத் தண்ணீரால் மோட்டாரைக் கழுவிவிடுவான். ஆள் ஏறிப் போவார். வளைவை நெருங்கும்போது மோட்டார் இருமும், அப்படியே நின்றுபோகும். எவ்வளவு உதைத்தாலும் உயிர் வராது. வெயிலில் தள்ளிக்கொண்டு திரும்பி வருவார். தாயத்து வாங்குவார். தங்கராஜு மறுபடியும் குனிந்து, வண்டியின் வயிற்றைத் தடவி மந்திரம் முணுமுணுப்பான். பிறகு நாலைந்து உதை, மோட்டார் கிளம்பிவிடும். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அந்த அத்தாட்சியை லீலாவதி கண்ணாரக் கண்டவர். தோட்டத்து லயத்து வரிசை வீட்டை விட்டுக் கலும்பாங்கில் மலிவு வீடு வாங்கி வந்த குடும்பம். அவருடைய இளைய மகன் கோகிலன் போன வருஷம் அந்த வளைவில்தான் செத்தான். இருபது வயதுகூட நிறையவில்லை. அழுது ஓய்ந்திருந்தவரிடம் அடிகள், உன் பிள்ளையை முனிதான் கூப்பிட்டுக்கொண்டான் என்று சொல்லி அனுப்பினார். பெற்றவளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்தது. இதற்காக அந்த அம்மாவைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தத் துக்கத்தில் வியாபாரம் பார்த்தவனைத்தான் சும்மா விட மனமில்லை.

மிச்சமிருந்த மூத்த மகன் பவனேஷுக்கு ரவாங்கில் வேலை. தினமும் அதே வளைவு, அப்பா காலத்துப் பழைய மோட்டார். அதன் கைப்பிடியில் தாயத்துகள் கொத்தாகத் தொங்கின. அம்மாவுக்காக அவனும் தினமும் முனிக்குத் தலையைக் காட்டினான். அவனுடைய மனைவி ஷாமளா ரவாங்கில் வளர்ந்தவள். அவளுக்கு இது முதல் நாளிலிருந்தே எரிச்சல். மாமியார் வற்புறுத்தி ஒருநாள் அவளையும் புது ஸ்கூட்டரோடு கூடாரத்துக்கு அழைத்துப் போனார். தங்கராஜு கழுவினான். தாயத்து வேண்டாம் என்று கிளம்பியவள் வளைவைத் தாண்டிக் கெர்லிங் வரை போய்ப் பழம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். புது மருமகளை முனி தொடமாட்டான் என்று விளக்கம் சொன்னார் அடிகள். முனிக்குக் கூடக் குடும்ப முறை தெரிந்திருக்கிறது.

ஒரு சாயங்காலம் மழை விட்ட நேரத்தில் பவனேஷ் வேலையிலிருந்து திரும்பினான். வளைவில் வழக்கம்போல ஹெல்மெட்டைக் கழற்றினான். ஒரு கைக்கு மோட்டார் அடங்கவில்லை, சிவப்புக் கறையில் சறுக்கி அவனைத் தூக்கி எறிந்தது. காறை எலும்பு முறிந்து, தலையில் தையல். ஹெல்மெட் மட்டும் முழங்கையில் பத்திரமாகத் தொங்கியது, ஒரு கீறல் இல்லை. விஷயம் கேட்டு ஓடிய ஷாமளா அவனைத் தூக்கியபோது இரண்டு கையும் சிவப்பாகிவிட்டன. எல்லாம் ரத்தம் என்று பதறிப்போனாள். கையை மூக்கருகே கொண்டுபோனபோதுதான் பாதி செம்பனை எண்ணெய் என்று தெரிந்தது.

அடிகள் அசரவில்லை. ஹெல்மெட்டைக் கழற்ற நேரமாக்கிவிட்டான், முனி பாதித் தலையைத்தான் பார்த்தான், அதனால்தான் பாதி உயிரோடு விட்டான் என்றார். இனி சாதாரணத் தாயத்து தாங்காது, ஐம்பொன்னில் கட்டவேண்டும். அதற்கான டுயிட், அந்தக் காசு, தனக்கு இல்லை, முனிக்குத்தான் என்று பெருந்தன்மையோடு சேர்த்துக்கொண்டார். லீலாவதி கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்துக்கொண்டு மருமகளைப் பார்த்தார்.

"இருக்கிறது இவன் ஒருத்தன்தான்ம்மா. இவனையும் குடுத்துட்டு நான் என்ன பண்ணுவேன்?"

"எனக்கும் இவர் ஒருத்தர்தான் அத்தை," என்றாள் ஷாமளா. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க. அன்னிக்கும் சாமிதான் ஜெயிச்சா, என் தாலிச் சங்கிலியையும் சேத்துக் குடுத்துடறேன்."

அன்றிலிருந்து அவள் வீடுவீடாக விசாரித்தாள். முனி யார் யார் மோட்டாரை நிறுத்தினான் என்பதுதான் கேள்வி. கேட்கக் கேட்க ஒன்று தெளிவாயிற்று. நின்றதெல்லாம் பழைய மோட்டார்கள். புது மோட்டார் ஒன்றைக் கூட முனி தொட்டதில்லை. படுக்கையில் கிடந்த புருஷனிடம் வந்து, உங்கள் மோட்டாரில் இருப்பது, என் ஸ்கூட்டரில் இல்லாதது என்ன என்று கேட்டாள். பவனேஷ் இரண்டு வண்டியையும் மனத்துக்குள் பிரித்துப் பார்த்தான்.

"பெட்ரோல் டேப். டாங்கிக்கு அடியில தெறந்து மூடுவோமே, அது," என்றான். சொன்ன பிறகு அவனே மெல்ல எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் தலைவர் சேதுவின் காரில் லீலாவதியும் கையில் கட்டோடு பவனேஷும் வந்தார்கள். சேது அடிகளின் பரம பக்தர். ஷாமளா, பட்டறையில் சரிபண்ணிய பழைய மோட்டாரைத் தானே ஓட்டி வந்தாள். கைப்பிடியில் ஒரு தாயத்துகூட இல்லை. கிளம்புவதற்கு முன்பே வீட்டு வாசலில் சேதுவைக் கூப்பிட்டு, திறந்திருந்த பெட்ரோல் டேப்பைக் காட்டியிருந்தாள். டேப்பின் திருகும் அதன் அடிப்பாகமும் சேரும் இடத்தில் குறுக்காக நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு. இதை நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க மாமா என்று மட்டும் சொன்னாள்.

கூடாரத்தில் வண்டியைக் கழுவ விடவில்லை. ஹெல்மெட்டை மாட்டியபடியே வளைவுக்குப் போனாள், கறையை ஒதுக்கி மெதுவாகத் திரும்பினாள், வந்து நின்றாள். மோட்டார் ஒரு இருமல்கூட இருமவில்லை. கூட்டம் அடிகளைப் பார்த்தது.

"அது ஏற்கெனவே ரத்தம் குடிச்ச வண்டி. முனிக்கு இப்பப் பசி இல்ல," என்றார் அடிகள்.

கூட்டம் தலையாட்டியது. எதைச் சொன்னாலும் ஆடுகிற தலைக்கு ஹெல்மெட் பாரம்தான்.

"கழுவினா பசிக்குமா சாமி?" என்று கேட்டாள் ஷாமளா. "கழுவி விடுங்க. தாயத்து இல்லாம இன்னொரு தடவ போறேன். வண்டி நின்னுச்சுன்னா ஐம்பொன் தாயத்து ரெண்டா கட்டிக்கறேன்."

இரண்டு என்றதும் அடிகளின் முகம் மலர்ந்தது. தங்கராஜுவுக்குக் கண்காட்டினார். வேப்பிலைத் தண்ணீர் வந்தது, தங்கராஜு குனிந்தான், கழுவினான், நிமிர்ந்தான். ஷாமளா வண்டியில் ஏறவில்லை. சேதுவைக் கூப்பிட்டாள்.

சேது தொப்பையோடு சிரமப்பட்டுக் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். எழுந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"கோடு ஒடஞ்சிருக்கு. டேப்ப மூடிருக்கான்."

ஷாமளா கூட்டத்துக்கு நிதானமாக விளக்கினாள். டேப்பை மூடினாலும் கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் தங்கியிருக்கும். அதில் மோட்டார் சுமார் ஒரு கிலோமீட்டர் ஓடும், பிறகு நிற்கும். புது வண்டிகளில் திருகுவதற்கு டேப்பே இல்லை, அதனால் முனிக்கும் அங்கே வேலை இல்லை. பிறகு அடிகளின் பக்கம் திரும்பினாள்.

"முனி வளைவுலதானே இருக்கான் சாமி? நீங்க ஏன் கூடாரத்த அங்க போடாம இவ்ளோ தூரம் தள்ளிப் போட்டீங்க?"

அடிகள் விடாக்கண்டர். முனியே வந்து டேப்பைத் திருகியிருக்கிறான் என்றார். இதையும் நம்புவதற்கு முன்வரிசையில் இரண்டு பேர் தயாராக இருந்தார்கள். அதற்குள் சிலர் தங்கராஜுவின் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். தான் ஒன்றும் அறியாதவன், ரவாங் மோட்டார் பட்டறையில் அண்ணனோடு வேலை செய்த காலத்தில் அவர் கற்றுக்கொடுத்ததைத்தான் செய்ததாக அவன் கொட்டித் தீர்த்தான். அந்த அண்ணன் யார் என்று கூட்டம் திரும்பிப் பார்த்தபோது நாற்காலியில் புலித்தோல் மட்டும் இருந்தது.

அடிகள் கூடாரத்துக்குப் பின்னால் தன் மோட்டாரில் ஏறிவிட்டிருந்தார். புது மோட்டார், நல்ல டயர். முகம் முழுக்க மூடும் விலையுயர்ந்த ஹெல்மெட். ஓடுகிற அவசரத்திலும் பட்டையை மறக்காமல் மாட்டினார். இளைஞர்கள் சிலர் துரத்திக்கொண்டு போனார்கள். வளைவில் அடிகள் வேகத்தைக் குறைத்தாராம், சிவப்புக் கறையைக் கவனமாக ஒதுக்கினாராம், முனிக்குத் தலையைக் காட்டாமலேயே போய்விட்டாராம். சாலைப் பாதுகாப்பை அவ்வளவு அழகாகக் கடைப்பிடித்த ஆளை அந்தச் சாலையில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

கூடாரத்தில் சிரிப்பும் திட்டும் கலந்து கேட்டன. லீலாவதி மட்டும் காரின் பக்கத்தில் அசையாமல் நின்றார்.

"அப்ப கோகிலன முனி கூப்பிடலையா?" என்றார் மகனிடம்.

பவனேஷ் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "ஹெல்மெட் தலையில கவுந்துதான் இருந்துச்சும்மா. பட்டைய மாட்டல. விழுந்ததும் அது தனியாப் போயிருச்சு. நீங்க தாங்கமாட்டீங்கன்னு சொல்லல."

முனி கொன்றான் என்பதைச் சுமப்பது எளிது. ஒரு பட்டை, கொஞ்சம் எண்ணெய், ஒரு விளக்குக் கம்பம் இல்லாத குறை, இவை சேர்ந்து பிள்ளையைக் கொன்றன என்பதை எந்தத் தாய் சுமப்பாள்? லீலாவதி மருமகளின் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதார். போன வருஷம் முழுக்க அவர் அப்படி அழவில்லை என்று பவனேஷ் பிறகு சொன்னான்.

அதற்கடுத்த வாரம் சேதுவின் தலைமையில் ஆட்கள் போய் வளைவைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். பழம் உதிராமல் லோரிகளுக்கு வலை கட்டும்படி தோட்ட நிர்வாகத்திடம் சண்டை போட்டார்கள். விளக்குக் கம்பத்துக்கு மனுக் கொடுத்தார்கள். முனி ஒரு வார்த்தை ஆட்சேபிக்கவில்லை. நம் மக்கள் திருந்திவிட்டார்கள் என்று நானும் கொஞ்சம் நம்பினேன்.

மனுக் கொடுத்த அன்று மாலையே கெர்லிங்கிலிருந்து ஒருவர் ஷாமளாவின் வீட்டுக்கு வந்தார். சாமியாரையே ஓட்டிய அம்மாவின் கையில் பெரிய சக்தி இருக்கவேண்டும் என்று அங்கே பேசிக்கொள்கிறார்களாம். கையோடு ஒரு கறுப்புக் கயிறு கொண்டுவந்திருந்தார். அம்மா தொட்டு மோட்டாரில் கட்டிவிட்டால் போதும் என்று கும்பிட்டார். ஷாமளா கயிற்றை வாங்கவில்லை. அவர் தலையில் ஆடிக்கொண்டிருந்த ஹெல்மெட்டை நேராக்கி, தாடைக்குக் கீழே பட்டையைத் தானே மாட்டிவிட்டாள்.

"கயிறு இதுதான் அண்ணே. தினமும் நீங்களே கட்டிக்கலாம்."

"மந்திரம் ஒண்ணும் இல்லீங்களா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டார் அவர்.

இல்லை ஐயா, அவளுக்குப் பதில் நானே சொல்கிறேன். ஹெல்மெட் தலையை வெளியிலிருந்து காக்கும், அதற்கு மேல் அதனால் ஆகாது. உள்ளே இருப்பதை நீங்கள்தான் ஓட்டவேண்டும். அதன் டேப்பை மூடிவிட்டுப் போக ஆட்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். வண்டி நின்றால் முனியைத் தேடாதீர்கள், குனிந்து பாருங்கள்.