இருபத்தாறு அடிப் படகு

"எத்தனை பேருக்குங்க?" என்று படகுக் கடைக்காரர் கேட்டார்.

"ரெண்டு பேருக்கு" என்றார் டெய்லர் மாஸ்டர். சொல்லிவிட்டு, தெரிந்தவர் யாராவது காதில் வாங்கிவிட்டார்களா என்று பின்னால் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

ஊரில் அவருக்கு 'ஒரிஞ்ச் மாஸ்டர்' என்று பெயர். எந்தத் துணியை வெட்டினாலும் ஒரு இஞ்ச் கூட விட்டுத்தான் வெட்டுவார். இன்றைக்கு இருக்கிற உடம்பு நாளைக்கும் அப்படியே இருக்கும் என்று எவன் எழுதிக் கொடுத்தான் என்பது அவர் கட்சி. படகு வாங்க வந்த இடத்திலும் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது.

அவருடைய ஆசை ரொம்பச் சின்னது. கடையில் அவர் மெஷின் ஒரு சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. மனைவியின் மெஷின் எதிர்ச் சுவரைப் பார்த்து. இடம் அவ்வளவுதான், வேறு மாதிரி போட வழியில்லை. முப்பத்தொரு வருஷமாக இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் குடும்பம் நடத்தினார்கள். "கத்தரிக்கோலை எங்க வெச்சீங்க?" என்று அவள் சுவரைக் கேட்பாள். "உன் பக்கத்துலதான் பாரு" என்று இவர் சுவருக்குச் சொல்வார். பெண்ணுக்குக் கல்யாணம் பேசி முடித்ததுகூட அப்படித்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஏதோ வாரப் பத்திரிகையில் ஒரு படம் வந்திருந்தது. ஏரி. அதில் ஒரு மிதவைப் படகு. நீளமான இரண்டு அலுமினியக் குழாய்களின் மேல் பலகைத் தளம் போட்டு, சுற்றிக் கம்பி அடைத்து, உள்ளே எதிரும் புதிருமாக இரண்டு சோபா. மாஸ்டர் அதைக் கத்தரித்துத் தன் மெஷினுக்கு மேலே ஒட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இவரும் அவளும் மட்டும் ஏரி நடுவில் எதிரெதிரே உட்கார வேண்டும். "பட்டன் வெச்சாச்சா மாஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டு அங்கே எவனும் நீந்தி வர மாட்டான்.

"இதைப் பாருங்க, பதினாறு அடி" என்றார் கடைக்காரர். "ரெண்டு பேருக்கு இதுவே தாராளம். ஆறு பேர் வரைக்கும் போகலாம்னு தகட்டுலயே அடிச்சிருக்கு."

"ஆறு பேர்னா எந்த ஆறு பேர்?"

"எந்த ஆறு பேரா இருந்தா என்னங்க?"

"அதெப்படி? என் மச்சானுக்கு ஒரு பேண்ட் வெட்டற துணியில மத்தவங்களுக்கு ரெண்டு வெட்டலாம். பொத்தாம் பொதுவா ஆறுன்னு போட்டா எப்படி?"

மாஸ்டர் டேப்பை எடுத்து சோபாவில் ஒரு ஆள் உட்காரும் இடத்தை அளந்தார். இருபத்திரண்டு இஞ்ச். அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. ஊரிலிருக்கிற அத்தனை பேர் இடுப்பளவும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். மனைவியின் அளவு மட்டும் தெரியாது. அவள் துணியை அவளே வெட்டித் தைத்துக்கொள்கிறவள்.

"அளவெடுத்துட்டு வர்றேன்" என்றார்.

"ஐயா, படகை யாரும் அளவெடுத்து வாங்கறதில்லீங்க."

"அதனாலதான் பாதி கவுறுது" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் கிளம்பினார்.

கடைக்கு வந்ததும் வராததுமாக மனைவியின் பின்னால் போய் நின்றார். "கொஞ்சம் எழுந்திரு. அளவு எடுக்கணும்."

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

மெஷின் நின்றது. "முப்பத்தொரு வருஷமா இல்லாத அளவு இன்னிக்கு என்னங்க?"

"சும்மா... உனக்கு ஒரு டிரஸ் தைக்கலாம்னு."

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து நின்றாள். மாஸ்டர் இடுப்பை அளந்தார். பிறகு, "இப்ப உட்காரு" என்றார்.

"உட்கார வெச்சு எவனாவது அளவெடுப்பானா?"

"புது மாடல். கேள்வி கேக்காதே."

உட்கார்ந்தபடி இருக்கும் அகலத்தை எடுத்தார். முதுகிலிருந்து முழங்கால்வரை நீளம் எடுத்தார். இடது கைக்கும் வலது கைக்கும் எவ்வளவு இடம் வேண்டும் என்று இரண்டு முழங்கையையும் விரிக்கச் சொல்லி எடுத்தார். அவள் கோழி மாதிரி கையை விரித்துக்கொண்டு, "இதென்ன டிரஸ்ஸுங்க, நாற்காலிக்கும் சேர்த்துப் போடறதா?" என்றாள்.

அந்தச் சந்தோஷத்தில் அவள் அண்ணனுக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாள் காலை மச்சான் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "மாப்ள! தங்கச்சிக்குப் புது மாடல்ல தைக்கிறீங்களாமே. நமக்கும் ஒண்ணு போடுங்க. எப்படி, உட்காரணுமா?" அவர் பின்னால் அண்ணி. மத்தியானம் மனைவியின் தங்கை வந்தாள், சகலையையும் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு. எல்லோரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து முழங்கையை விரித்தார்கள்.

ஆறு பேருக்கு இல்லாத மாடலில் எதைத் தைப்பது? மாஸ்டர் வேறு வழியில்லாமல் உண்மையைக் கக்கிவிட்டார். "துணியெல்லாம் ஒண்ணும் இல்ல. படகு வாங்கறேன். சீட்டுக்குத்தான் அளவு."

மனைவியின் விரலில் ஊசி குத்தியது. "படகா? எத்தனை பேருக்கு?"

"ரெண்டு பேருக்கு" என்றார் மாஸ்டர்.

அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். பிறகு சட்டென்று, "நல்லா இருக்குங்க நீங்க பேசறது! அண்ணனை எதிர்ல வெச்சுக்கிட்டே ரெண்டு பேருக்குங்கறீங்களே. அண்ணனும் அண்ணியும் வரவேணாமா?" என்றாள்.

"எனக்குத் தண்ணின்னா உசிரு மாப்ள" என்றார் மச்சான்.

மாஸ்டர் படகுக் கடைக்குப் போனார். "நாலு பேருக்கு. அதுல ஒருத்தர் என் மச்சான்."

"அப்போ பதினெட்டு அடி பாருங்க" என்றார் கடைக்காரர்.

வந்து சொன்னார். "பதினெட்டா?" என்றாள் மனைவி. "தங்கச்சி கேட்டா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவா. சகலை, பிள்ளைங்க எல்லாரையும் சேர்த்துக் கேளுங்க. பெருசா இருந்தா விட்டுடுங்க, நமக்கு எதுக்கு இந்த வம்பு?"

பாவம், எனக்காக ஆசையை அடக்கிக்கொள்கிறாள் என்று மாஸ்டருக்கு நெஞ்சு கரைந்தது. விடக் கூடாது என்று மறுபடி போனார். எட்டுப் பேருக்கு இருபத்திரண்டு அடி.

"இன்ஜினும் பெருசா போடணும்" என்றார் கடைக்காரர். "தளம் நீளமானா காத்து தள்ளும். உங்க ஏரி எவ்வளவு பெருசு? வண்டியில இழுத்துட்டுப் போய்த் திருப்ப இடம் இருக்கா? வீட்டுல நிறுத்த இடம் இருக்கா? அதையெல்லாம் பார்த்துட்டுத்தான் அளவை முடிவு பண்ணணும். எத்தனை பேருங்கறது மட்டும் கணக்கில்ல."

அவர் சொன்னது அத்தனையும் நியாயம். மாஸ்டர் அத்தனையையும் வீட்டில் போய் ஒப்பித்தார்.

"அப்போ முடியாதுன்னு விட்டுட வேண்டியதுதானே?" என்றாள் மனைவி, ஆவலாக.

"பார்த்துக்கலாம்மா. நீ எதுக்குக் கவலைப்படறே?"

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். இரண்டு நிமிஷம் கழித்து, "சம்பந்தியை விட்டுட்டோமே" என்றாள். "பொண்ணைக் கொடுத்த இடம். அவங்க ரெண்டு பேர், மாப்பிள்ளை, நம்ம பொண்ணு. நாளைக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாது பாருங்க."

பன்னிரண்டு பேர். மூன்று குழாய் வைத்த இருபத்து நாலு அடி. மாஸ்டர் தலைக்கு ஒரு இஞ்ச் கூட விடச் சொன்னார். அந்த மாதிரி எவனும் செய்வதில்லை என்று கடைக்காரர் கும்பிட்டுச் சொன்னதும், சரி, அடுத்த அளவே இருக்கட்டும் என்று இருபத்தாறுக்குப் போனார். இன்னொரு காரணமும் இருந்தது. இருபத்தாறு அடியில் கடைசியில், ஓட்டுகிறவர் இருக்கைக்குப் பின்னால், எதிரெதிராக இரண்டே இரண்டு சீட்டு ஒதுக்குப்புறமாக இருந்தது. கூட்டத்தை முன்னால் தள்ளிவிட்டு அவளோடு அங்கே போய் உட்கார்ந்துவிடலாம். அதை மட்டும் மூன்று தடவை அளந்து பார்த்தார். கச்சிதமாக இருந்தது.

அன்று சாப்பிடும்போது, "கடைசியில ரெண்டு சீட்டு இருக்கு" என்று மெதுவாக ஆரம்பித்தார்.

"சம்பந்தியம்மாவுக்குக் கால் வலி. அங்க கால் நீட்டிக்கட்டும்" என்றாள் மனைவி. "பிடிக்கலன்னா வேணாம்னு சொல்லிடுங்க, கேன்சல் பண்ணிடலாம்."

மாஸ்டர் தட்டைத் தள்ளி வைத்தார். ஆனாலும் சொன்ன வாக்கை மாற்றுகிற பழக்கம் அவருக்கு இல்லை. மறுநாள் காலை முதல் வேலையாகப் போய்ப் படகை வாங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் படகு வந்தது. வந்தது என்றால், தெருமுனைவரை வந்தது. ஊரில் எல்லாக் கடைப் படகுகளையும் இழுக்கிற டிரைவர்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். முன்னால் போனார், பின்னால் வந்தார், இறங்கிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். நாலாவது முயற்சியில் படகின் மூக்கு தையல் கடை வாசலுக்குள்ளும், வால் எதிர்வீட்டு ஜன்னலுக்கு நேராகவும் வந்து நின்றது. அதற்குமேல் அசையவில்லை. தெரு இரண்டாகப் பிரிந்தது. இந்தப் பக்கத்து ஆட்கள் இந்தப் பக்கம், அந்தப் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கம்.

அதற்குள் சொந்தக்காரர்கள் ஏறிவிட்டார்கள். மச்சான் சோபாவில் உட்கார்ந்து, "அளவு சரியா இருக்கு மாப்ள!" என்று மேலேயிருந்து கத்தினார். சகலை பிள்ளைகள் ஸ்டியரிங்குக்குச் சண்டை போட்டார்கள். சம்பந்தியம்மா கடைசி சீட்டில் காலை நீட்டிக்கொண்டு எதிர்வீட்டு அம்மாவோடு ஜன்னல் வழியாகப் பேச ஆரம்பித்திருந்தார். தைக்கக் கொடுத்த ஒருவர் படகுக்கு அடியில் குனிந்து வந்து, "பட்டன் வெச்சாச்சா மாஸ்டர்?" என்று கேட்டார்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "நெஜமாவே வாங்கிட்டீங்களா?" என்றாள். "இவ்வளவு பெருசையா? இத்தனை பேரைச் சேர்த்தும் நீங்க விடலியா?"

மாஸ்டருக்கு எங்கிருந்து அழுகை வந்ததோ தெரியவில்லை. நடுத்தெருவில் நின்றுகொண்டு சொன்னார்.

"எனக்கு இந்தக் கூட்டமெல்லாம் வேணாம்மா. முப்பத்தொரு வருஷமா உன் முதுகுப் பக்கம் உட்கார்ந்து தைச்சுட்டேன். வாரத்துல ஒரு நாளாவது உன் மூஞ்சியைப் பார்த்து உட்காரணும். நீயும் நானும் மட்டும். அவ்வளவுதான் ஆசைப்பட்டேன். அதுவும் இப்படி ஆயிடுச்சு."

படகிலிருந்த பன்னிரண்டு பேரும், சரி, இவர்கள் இரண்டு பேர் போகப் பத்துப் பேரும், கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். மனைவியின் கண் நிறைந்துவிட்டது. "இதை மொதல்லயே வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். "வாயைத் திறக்காத மனுஷனைக் கட்டிக்கிட்டு நான் படற பாடு!"

"நீ ஒவ்வொருத்தரா சேர்த்துக்கிட்டே இருந்தா நான் எங்க சொல்றது?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகம் வெட்கத்தில் சிவந்திருந்தது. அது ஏன் என்று மாஸ்டருக்குப் புரியவில்லை.

அப்போது டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்து அவளிடம் கேட்டார்.

"அம்மா, ஐயா பிறந்த நாள் வரைக்கும் அவருக்குத் தெரிய வேணாம்னு, போன மாசமே நீங்க அந்தப் படகுக் கடைக்கு எதிர்க்கடையில வாங்கி வெச்சீங்களே, ரெண்டு பேர் உட்கார்ற சின்னப் படகு, அதையும் இன்னிக்கே கொண்டாந்துடவா?"