மத்தியானம் இரண்டு பத்து

மத்தியானம் இரண்டு பத்துக்கு முத்திரைக்காரர் மறுபடியும் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். உச்சியில் விண் விண்ணென்று தெறித்தது.

அப்போதுதான் காலை ஷிப்டுப் பள்ளிக்கூடம் விட்டு வந்த மனைவி, "இன்னைக்கும் அதே நேரமா?" என்றாள்.

"நிமிஷம் பிசகலை. வலிக்கு மணி பார்க்கத் தெரியுது."

இரவெல்லாம் தபால் நிலையத்தில் கடிதங்களுக்குத் தேதி முத்திரை குத்துவது அவர் வேலை. ஒரு கட்டு முடிந்தால் தலை நிமிராமல், "அடுத்த கட்டு கொண்டா!" என்பார். காலையில் வந்து படுத்தால் கனவிலும் கடிதங்கள்தான். இறகு இறகாக மிதந்து வரும். ஒவ்வொன்றுக்கும் முத்திரை வைப்பார். பஞ்சின் மேல் பஞ்சு விழுவது போலச் சத்தமே இராது. அந்தச் சுகத்தின் நடுவில் வலி வந்து எழுப்பிவிடும்.

தூக்கம் கெட்டதில், நேற்று ஒரு மூட்டைக் கடிதத்துக்கு மறுநாள் தேதியைக் குத்திவிட்டார்.

"எழுதறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துடும் போலிருக்கே!" என்றார் மேலாளர். "இன்னொரு தடவை நடந்தா உங்களை வேற ஊருக்கு மாத்திடுவேன்."

மனைவிக்கு டீச்சர் வேலை இந்த ஊரில். மாற்றல் என்றால் ஆளுக்கொரு ஊர்.

"எல்லாம் ஜன்னல் வெளிச்சந்தாங்க" என்று அவள் கட்டிலை இழுத்து, தலைமாட்டுப் பலகையைச் சுவரோடு ஒட்டிப் போட்டாள். மறுநாள் வலி இரட்டிப்பானது. கனவில் எங்கோ தூரத்தில் டக், டக் என்று கேட்டது.

"அப்போ தலையணை உசரம்."

தலையணையை எடுத்தார்கள். மறுநாள் உச்சியில் நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம்.

"ஏங்க, வலி வெளியே எட்டிப் பார்க்குது!"

டாக்டர் வீக்கத்தைத் தடவிப் பார்த்தார். "மனசுல பரபரப்பு அதிகம். படுத்ததும் பிடிச்ச எதையாவது எண்ணிக்கிட்டே தூங்குங்க."

அவருக்குப் பிடித்தது ஒன்றுதான். கடிதங்களை எண்ணிக்கொண்டே கண் மூடினார். அன்றைய கனவில் வானமே வெள்ளையாகிவிட்டது. கடிதங்கள் மழையாகப் பெய்தன. அவரும் சளைக்கவில்லை.

இரண்டு பத்துக்கு அலறிக்கொண்டு எழுந்தார். வாசலில் மனைவியோடு பக்கத்து வீட்டுத் தையல்காரர் நின்றிருந்தார். தலையில் ஈரத்துணிக் கட்டு.

"அக்கா, சாப்பிட்டுட்டு சித்த நேரம் கண் அசர விடமாட்டேங்கறீங்களே. தினம் உங்க சுவருல ஆணி அடிக்கிற சத்தத்துல தலைவலியோட எழுந்திரிக்கிறேன். இன்னைக்கு இடியே விழுந்துச்சு!"

"எங்க வீட்டுல ஏது ஆணி? இவரே தலைவலியில கிடக்கார்."

"அப்படியா? நூறு அடி அடிச்சதும், 'அடுத்த கட்டு கொண்டா'ன்னு ஒரு அதட்டல் கேக்குதே, அது யாரு, அக்கா?"