டோட்டல் சார் கடல் கடந்து தாள் அனுப்பிய படலம்

வாழ்க! கணக்குப் பிரிவின் காவற்கோமான், கூட்டலிலும் கழித்தலிலும் குன்றாப் புகழோன், பணிக்காலம் முழுவதும் பேரேட்டில் ஒரு பூஜ்யத்தைக்கூடத் தவறவிட்டறியாத் தகைமையாளர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேசை மேசையாய்த் தேடும் மாண்பினர், அலுவலகத்தார் முன்னால் மரியாதையாகவும் பின்னால் சிரிப்போடும் ‘டோட்டல் சார்’ என்றழைக்கும் அந்த ஆடவர் திலகம் நீடூழி வாழ்க!

இரண்டே இரண்டு தாள்களை அவர் எழுகடலுக்கு அப்பாலுள்ள அயல்நாடொன்றுக்கு ஃபேக்ஸ் இயந்திரத்தின் வழியே செலுத்திய வீரகாதையைச் சொல்லத் துணிந்தோம். மின்சாரமே, கதை முடியும்வரை போய்த் தொலையாதிருப்பாய். தொலைபேசிக் கம்பியே, நடுவில் கரகரத்து மானத்தை வாங்காதிருப்பாய். இயந்திரத்தின் வயிற்றில் உறையும் மையே, நீ தீர்ந்தால் புதிது வாங்க மேலதிகாரிகள் மூவர் கையெழுத்திட வேண்டும், அவர்களில் ஒருவர் எப்போதும் விடுப்பில் இருப்பார், ஆகவே நீயும் தீராதிருப்பாய்.

போர் மூண்ட காரணம் கேளீர். டோட்டல் சாருக்கு ஒரே மகள். இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி அதில் நோயைத் தேடிக் கண்டுபிடிக்கும் படிப்புப் படித்தவள். அவளுக்கு அயல்நாட்டு மருத்துவமனை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. ‘வருகிறேன்’ என்று கையெழுத்திட்ட தாள்கள் இன்று தங்கள் அலுவலகம் மூடுவதற்குள் ஃபேக்ஸில் வந்து சேர வேண்டும், தவறினால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று அந்நாட்டார் தெரிவித்திருந்தனர். அதுவோ சூரியன் முந்திக்கொண்டு உதிக்கும் நாடு. நமக்கு மதியச் சாப்பாடு செரிக்கிற நேரத்தில் அவர்கள் கடையைக் கட்டிவிடுவார்கள்.

“தெருமுனையில ஃபேக்ஸ் கடை இருக்குப்பா, நானே போய் அனுப்பிடறேன்” என்று காலையிலேயே மகள் சொன்னாள். அறிவுடைய சொல். அங்கேயே கதை முடிந்திருக்கும். ஆனால் காபி டம்ளரை மேசைமேல் டக்கென்று வைத்துவிட்டு நம் வீரர் எழுந்து நின்றார்.

“கண்ட கடையில கொண்டுபோய்க் குடுக்கற பேப்பரா இது? ஆபீஸ்ல நம்ம மிஷின் சும்மாதான கெடக்கு. நான் பாத்துக்கறேன்.”

“நேத்து ரிமோட்டுக்கு பேட்டரி போட்டதையும் நீங்கதான் பாத்துக்கிட்டீங்க” என்றார் மனைவி, தலையை நிமிர்த்தாமலே. கணவரோ அதற்குள் தாள்களைப் பைக்குள் வைத்திருந்தார்.

இனிக் களம் காண்போம். அலுவலகத்தின் தபால் அறையில், தூசு படிந்த அலமாரிக்கும் என்றைக்கும் நாலரை மணியையே காட்டும் கடிகாரத்துக்கும் இடையே, பூப்போட்ட துணியுறைக்குள் புதுப்பெண் போல முகம் மறைத்து வீற்றிருந்தது அந்த இயந்திரம். அதன் மொழி அறிந்தவர் ஒருவரே. அவர் தபால் பிரிவின் அக்கா. அந்த அக்காவோ கடைவாய்ப்பல் வலியென்று கன்னத்தில் கைவைத்தபடி காலையிலேயே வீட்டுக்குப் போய்விட்டார். படைத்தலைவர் இல்லாத கோட்டைக்குள் தன்னந்தனியராய்ப் புகுந்த டோட்டல் சார், சட்டைக் கையை முழங்கைவரை மடித்து, பேனாவைச் சட்டைப்பையில் செருகி, உறையை உருவினார். உடனே தும்மினார்.

எண் எழுதிய தாள் அவர் கையில் இருந்தது. அதன் முதல் எழுத்தே முதல் பகைவன், கூட்டல் குறி. வாழ்நாளெல்லாம் கூட்டியே வயிறு வளர்த்த வள்ளல் ஒரு கூட்டல் குறியைக் கண்டு திகைத்து நின்றது அன்றுதான். இயந்திரத்தின் முகத்தில் அப்படியொரு பொத்தானே இல்லை. எதை எதனோடு கூட்டச் சொல்கிறார்கள் என்று பேய்முழி முழித்தவர், நல்லவேளையாகத் தொலைபேசி விவரப் புத்தகத்தைப் புரட்டினார். வெளிநாட்டை அழைப்பவர் முதலில் இரண்டு பூஜ்யங்களை அழுத்துக என்றது புத்தகம். இரண்டு பூஜ்யங்கள் சும்மா கிடைத்ததில் அவர் உள்ளம் குளிர்ந்தது.

தாள்களை இயந்திரத்தின் வாயில் ஊட்டி, ஆள்காட்டி விரலை வேலென நீட்டி, இரட்டைப் பூஜ்யத்தை அழுத்தி, நாட்டின் எண்ணை அழுத்தி, மிச்சத்தையும் ஒன்று விடாமல் அழுத்தி, பச்சைப் பொத்தானை அவர் குத்திய குத்தில் மேசை அதிர்ந்தது. மணி ஒலித்தது. ஏழு கடலுக்கு அப்பால் எவரோ எடுத்தனர்.

“கேட்ல இருந்து பேசறேன், சொல்லுங்க” என்றது குரல்.

அது அலுவலக வாசற்காவலரின் குரல். வெளியே பேச முதலில் ஒன்பதை அழுத்த வேண்டும், வெறும் பூஜ்யத்தை அழுத்தினால் வாசலுக்குத்தான் போகும் என்பது அக்கட்டடத்தின் தொன்மையான முறை. அதை நம் வீரர் நினைவுகூரும் முன்பே, இயந்திரம் தன் வழக்கப்படி வீறிட்டு ஒரு போர்முழக்கம் செய்தது. அந்த முழக்கத்தைக் காதுக்குள் நேராக வாங்கிக்கொண்ட காவலர் அன்று மாலைவரை யார் எது கேட்டாலும் “ஆங்?” என்றே விடை தந்தார்.

இரண்டாம் சமர் தொடங்கிற்று. ஒன்பது அழுத்தினார், கோட்டைக் கதவு திறந்தது. இரட்டைப் பூஜ்யம் அழுத்தினார்; கடல் வழிவிட்டது. நாட்டெண் அழுத்தினார், அயல்மண் தெரிந்தது. அடுத்தபடியாக நின்றது, அந்தோ, அடைப்புக்குறிக்குள் ஒரு பூஜ்யம். இரு கைகளாலும் தன்னைத் தானே கட்டிக்கொண்டு நிற்பது போல நின்ற அந்தப் பூஜ்யத்தை டோட்டல் சார் நெடுநேரம் உற்றுநோக்கினார். கணக்குத் துறையின் மரபில் அடைப்புக்குறிக்குள் இருப்பது நட்டம். அப்படியானால் இது கழித்தல் பூஜ்யம். கழித்தாலும் கூட்டினாலும் பூஜ்யம் பூஜ்யமே, எழுதியிருப்பதை விட்டால் முறைகேடு, தணிக்கையில் கேள்வி வரும். இவ்வாறு தர்க்கத்தின் தேரேறித் தெளிவின் சிகரம் அடைந்தவர் அந்தப் பூஜ்யத்தை நிதானமாக, அன்போடு, ஓங்கி அழுத்தினார்.

மறுகரையிலிருந்து தேன் தோய்ந்த பெண்குரலொன்று எழுந்தது. நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்று அந்நாட்டு மொழியில் அது அருளிற்று.

“மேடம், ஒரு நிமிஷம், நான் என்ன சொல்ல வர்றேன்னா” என்று தொடங்கினார் டோட்டல் சார். பதிவு செய்த குரல் அவர் சொல்ல வந்ததைக் கேட்கவில்லை. இயந்திரம் மட்டும் ‘தோல்வி’ என்று ஒரு சீட்டைத் துப்பியது.

மூன்றாம் முறை மெதுவாக அழுத்தினார். நான்காம் முறை வேகமாக அழுத்தினார். ஐந்தாம் முறை, இயந்திரம் அசந்த நேரம் பார்த்து, வேறெங்கோ பார்ப்பது போலப் பாவனை செய்துகொண்டு அழுத்தினார். ஒவ்வொரு முறையும் அதே தேன்குரல், அதே தோல்விச் சீட்டு. ஆறாம் முறை தாள்களில் ஒன்றை இயந்திரம் கோணலாக இழுத்துப் பாதி விழுங்கி நின்றது. மேல்மூடியைத் திறந்து, மகளின் கையெழுத்துக் கிழிந்துவிடக்கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, முள் எடுப்பது போல அவர் அதை உருவி எடுத்தபோது சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. தாள் கசங்கியிருந்தது, கிழியவில்லை.

இந்தக் கட்டத்தில்தான் அறைவாயிலில் மாற்றரசர் தோன்றினார். கொள்முதல் பிரிவின் அதிபதி, ஒரு குண்டூசி வாங்கவும் மூன்று கடைகளில் விலை கேட்பவர், ‘கொட்டேஷன்’ என்னும் பட்டப்பெயர் பூண்டவர். கையில் ஒற்றைத் தாள், முகத்தில் இரக்கம். பகைவரின் இரக்கத்தைவிடக் கொடிய ஆயுதம் எந்தக் கொல்லன் உலையிலும் இதுவரை அடிக்கப்படவில்லை.

“எனக்கு ஒரே ஒரு பேஜ்தான் சார். உங்களுது ஆயிடுச்சா?”

“போய்க்கிட்டே இருக்கு.”

கொட்டேஷன் தரையில் கிடந்த சீட்டுகளைப் பார்த்தார். பிறகு எண்ணைப் பார்த்தார். “அந்த பிராக்கெட்ல இருக்கற சைபர விட்டுட்டுப் போட்டுப் பாருங்களேன்.”

என்ன சொன்னார், யாரிடம் சொன்னார்? கொள்முதல் பிரிவு கைதவறி விட்ட பூஜ்யங்களைக் காடுமேடெல்லாம் தேடிப் பிடித்து வந்து பேரேட்டில் அமர்த்துவதிலேயே தன் இளமை முழுவதையும் தொலைத்தவரிடம், அதே பிரிவின் தலைவர் வந்து ஒரு பூஜ்யத்தை விடச் சொல்கிறார். டோட்டல் சாரின் மீசை துடித்தது. ‘கதிரவன் திசைமாறி உதிப்பினும், கடல் வற்றிக் கட்டாந்தரையாயினும், எழுதிய எண்ணைக் கைவிடேன்’ என்னும் வஞ்சினம் அவர் நெஞ்சில் பொங்கியது. அது வாய்வழி வெளிவந்தபோது, “பரவால்ல, நான் பாத்துக்கறேன்” என்று வந்தது. கொட்டேஷன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஏழாம் சமருக்கு விரல் எழுந்தது. எழுந்த விரல் அந்தரத்தில் நின்றது. புறப்பகை அனைத்தையும் எதிர்கொண்ட வீரருக்கு அகத்தில் ஒரு பகை கிளம்பிய நேரம் அது. போகாவிட்டால்தான் என்ன என்று ஒரு குரல் உள்ளுக்குள் கேட்டது. நீ முயன்றாய், இயந்திரம் சரியில்லை, யார் உன்னைக் குறை சொல்வார்கள்? அவளுக்கு இங்கேயே ஒரு வேலை கிடைக்காதா? சாயங்காலம் வீட்டுக்குப் போனால் செருப்பை வாசலில் தாறுமாறாக உதறிவிட்டு உள்ளே போயிருப்பாள், நீ வழக்கம்போலத் திட்டிக்கொண்டே ஜோடி சேர்த்து வைக்கலாம். இவ்வாறு அந்தத் துரோகி மெல்ல மெல்லப் பேச, கடுங்கணக்கர் அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லாமல் கேட்டுக்கொண்டு நின்றார். அவருக்கே அது வெட்கமாக இருந்தது.

மேசைத் தொலைபேசி அலறியது. எடுத்தார். மகள்.

“அப்பா, இன்னும் வரலன்னு அவங்க போன் பண்ணாங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல மூடிடுவாங்களாம். அனுப்பிட்டீங்களா?”

“அனுப்பிக்கிட்டேதான் இருக்கேன். அவங்க நம்பர்தான் ஏதோ தகராறு.”

“எப்படி அடிக்கறீங்கன்னு சொல்லுங்க.”

சொன்னார். ஒன்று விடாமல், பெருமிதத்தோடு சொன்னார்.

“அய்யோ அப்பா, பிராக்கெட்ல இருக்கற சைபர் உள்ளூர்க்காரங்களுக்கு. வெளிநாட்டுல இருந்து அடிக்கும்போது அத விட்டுடணும்.”

அது நாற்காலி வரை கேட்டது; கொட்டேஷன் தன் ஒற்றைத் தாளை வாய்க்குக் குறுக்கே பிடித்துக்கொண்டார். 

“எழுதியிருக்கறத எப்படிம்மா விடறது” என்றார் டோட்டல் சார். அந்தக் குரலில் கணக்கர் பாதிதான் இருந்தார்.

 மகள் கேட்டாள்: “அப்பா, என்னை அனுப்ப உங்களுக்கு மனசு இல்லையா?”

“அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா” என்றார்.  “லைன்லயே இரு.”

அதன்பின் நிகழ்ந்ததைப் பாட இன்னொரு நாவும் வேண்டும். ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் இடையே இடுக்கி, கசங்கிய தாளைத் தொடைமேல் வைத்துத் தேய்த்து நீவி, இரண்டு தாள்களையும் இயந்திரத்தின் வாயில் நேராய் நிறுத்தி, ஒன்பது அழுத்தி, இரட்டைப் பூஜ்யம் அழுத்தி, நாட்டெண் அழுத்தி, வாழ்நாளில் முதல்முறையாக, மாற்றரசரின் கண்ணெதிரே, ஒரு பூஜ்யத்தைக் கைவிட்டார் கணக்கர் பெருமகன்.  மிச்ச எண்களையும் அழுத்தி முடித்தார். தேன்குரல் வரவில்லை. மணி அடித்தது, மறுகரை இயந்திரம் கீச்சிட்டது, இக்கரை இயந்திரம் கீச்சிட்டு விடை சொன்னது, யுகயுகமாய்ப் பிரிந்திருந்த இரு கிளிகள் போல அவை மாறி மாறிக் கத்தின, தாள் நகர்ந்தது. மகளின் பெயர் உள்ளே போனது. மகளின் கையெழுத்து உள்ளே போனது. அது முழுதும் உள்ளே போகும்வரை அவர் தாளின் ஓரத்தை விடாமல் பிடித்திருந்தார், பிறகு விட்டுவிட்டார்.

இயந்திரம் ஒரு சீட்டைத் தந்தது. அதில் ‘சரி’ என்று இருந்தது. தன் வாழ்நாளில் அச்சொல்லை எத்தனையோ தாள்களில் எழுதியவர், அதை அன்று எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“போயிடுச்சும்மா.”

“நெஜமாவாப்பா?” என்றாள் மகள். பிறகு சிரித்தாளோ அழுதாளோ, கம்பியின் கரகரப்பில் சரியாகக் கேட்கவில்லை. கொட்டேஷன் எழுந்து வந்து, கைகுலுக்கி, “நல்ல சேதி சார்” என்றார். அதில் கிண்டல் இல்லாததுதான் நம் வீரருக்குத் தாங்கவில்லை.

ஆகவே முழங்குக முரசம், ஊதுக சங்கம், பறந்திடுக கொடி. எழுகடலை ஒரு விரலால் கடந்தவர், இயந்திர அரக்கனின் வாயில் கைவிட்டு மீண்டவர், பூஜ்யத்தைத் துறந்து புகழை வென்றவர், வாகை சூடி, கொட்டேஷனின் ஒற்றைத் தாளும் போனபின் துணியுறையைத் திரும்பப் போர்த்தி, தோல்விச் சீட்டுகளைப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் இட்டு, திசையெட்டும் தன் பெயர் ஒலிக்க, மாலை வெயிலில் தெருவுக்குள் வெற்றியுலா வந்தார். வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு கடையில் நின்று, பெரிய சூட்கேஸ் என்ன விலை என்று கேட்டார்.