அலைவரிசை அடிகளும் அலைத்தாயின் பட்டும்

செவிலிமேட்டில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். அதன் உச்சியில் 'உலகக் கூடம்'. மேஜை, நாற்காலி, ஏசி, இன்டர்நெட் எல்லாம் வாடகைக்கு. லிஸ்பனிலும் பாலியிலும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திரிபவர்கள் உட்கார்ந்து வேலை செய்கிற அதே கோவொர்க்கிங் இடம் காஞ்சிபுரத்துக்கும் வந்துவிட்டது. லிஸ்பனில் இல்லாத ஒன்று இங்கே இருந்தது: அலைவரிசை அடிகள்!

நெட் ஊர்ந்துகொண்டிருக்கும் லேப்டாப்பை அடிகள் எலுமிச்சம்பழத்தால் சுற்றுவார். "ஹ்ரீம் வைஃபை ஹூம்" என்பார். உடனே வேகம் குதிரையாய்ப் பாயும். ஊர் ஊராய்த் தங்கிப் பிழைக்கும் போலந்துப் பெண் மார்த்தா இதை வீடியோ எடுத்துப் போட்டாள். அவ்வளவுதான். பெங்களூர்க் கார்கள் தெருவை அடைத்தன. ரோபோவுக்குப் புத்தி சொல்லித்தரும் இன்ஜினீயர்கள், பழத்தோடு வரிசையில் நின்றார்கள்.

அடிகள் காசைத் தொடமாட்டார். துறவி அல்லவா? பட்டுச்சேலை மட்டும் தொடுவார். அவர் கும்பிடும் 'அலைத்தாய்'க்கு அசல் ஜரிகைதான் பிடிக்குமாம். வந்த சேலையெல்லாம் தாயின் பீரோவுக்குள் போகும்.

சின்ன காஞ்சிபுரத்து சுதர்சன் ஒரு நாள் பையோடு வந்தான். ஜெர்மன் கம்பெனி ஒன்று அவனை இரண்டு தடவை இன்டர்வியூவுக்கு அழைத்திருந்தது; இந்தக் கூடத்தில் உட்கார்ந்து பேசியபோது இரண்டு தடவையும் நடுவில் நெட் அறுந்துபோனது. கடைசி வாய்ப்பாக மூன்றாவது அழைப்பு வந்திருந்தது. பக்கத்து மேஜையில் துபாய் கடைகளுக்கு டிசைன் வரையும் ஜீனத், பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"யாரு புடவை இது?"

"கோதாவோடது. நிச்சயதார்த்தத்துக்கு எடுத்தது."

"உன் தங்கச்சிக்குத் தெரியுமா?"

சுதர்சன் பையை இழுத்து மூடினான். "வேலை கிடைச்சதும் வேற வாங்கிடுவேன். லேப்டாப்புக்குக் கண் பட்டிருக்காம்."

"இன்டர்வியூ எத்தனை மணிக்குன்னு அடிகள்கிட்ட சொன்னியா?"

"ஆசீர்வாதம் வாங்கும்போது சொன்னேன்."

"தம்பி படிக்காம கேம் ஆடிக்கினு இருந்தா, எங்க அம்மி அவன் செல்லுக்கு மட்டும் நெட்டை நிறுத்துவாங்க. அவங்க செல்லுலயே ஒரு தட்டு. அம்மி சாமியார் இல்லப்பா."

"சாமியைச் சோதிக்கிறது பாவம் ஜீனத்."

"நெசமா இருந்தா சோதனையைத் தாங்கும்."

எந்த லேப்டாப்புக்கு எவ்வளவு நெட் விடுவது என்று முடிவு செய்கிறவருக்கு, லேப்டாப்பின் பெயர்தான் செல்லில் தெரியும். ஜீனத் தன் லேப்டாப்புக்கு 'சுதர்சன்' என்று பெயர் வைத்தாள். அவனுடையதற்கு 'ஜீனத்'.

மறுநாள் தரிசனம். அடிகள் வந்தால் அலைகள் அடங்கும் என்பது ஐதீகம். அதனால் எல்லோருக்கும் நெட் நத்தையாகியிருந்தது. அடிகள் சுதர்சனின் லேப்டாப்பைச் சுற்றினார். மந்திரம் சொன்னார். கண்ணாடி அறைக்குள் கூடத்தின் முதலாளி சந்தோஷ்குமார் பக்தியோடு குனிந்து செல்லைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

அடிகள் மறுபடி சுற்றினார். வியர்த்தார். பழத்தைப் பிழிந்தார். சாறு கீபோர்டில் விழுந்ததுதான் மிச்சம்.

மூலையிலிருந்து ஜீனத்தின் குரல் வந்தது: "சாமி! எனக்கு நெட்டு பிச்சிக்கினு போவுது! நான் பழமே குடுக்கலையே!"

கூட்டம் திரும்பியது. அடிகள் தொண்டையைச் செருமினார். "அருள் சற்றே வழிதவறி..."

"வழி தவறலை சாமி. நாங்க லேப்டாப்புங்க பேரை மாத்தி வெச்சோம். உங்க அலைத்தாய்க்கு ஆளைத் தெரியாதா? பேரு மட்டும்தான் தெரியுமா?"

கண்ணாடிக் கதவு படாரென்று திறந்தது. சந்தோஷ்குமார் பதறி ஓடிவந்தார். "மாமா! நான் கரெக்டா சுதர்சனைத்தான் அமுக்கினேன்!"

மாமாவா?

அடிகள் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படியில் பாய்ந்தார். அந்த வேகத்தை எந்த ஃபைபரும் தராது. மார்த்தா அதையும் வீடியோ எடுத்தாள். அலைத்தாயின் பீரோவை உடைத்துச் சேலைகளை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். சுதர்சன் தன் பையை இறுக்கிப் பிடித்தபடி வீட்டுக்குப் போய், தங்கையிடம் உண்மையைச் சொல்லி, வாங்க வேண்டிய திட்டை வாங்கிக்கொண்டான். இன்டர்வியூவை வீட்டிலிருந்தே முடித்தான். நெட் ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. ஒரு கேள்வியில் மட்டும் உளறினான். பழியை யார்மேலும் போட முடியவில்லை. ஆனாலும் வேலை கிடைத்தது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடிகள் ஓடிய அன்று சாயங்காலம், இரண்டு சேலை பறிகொடுத்து மீட்ட ஒரு பெங்களூர் இன்ஜினீயர் ஜீனத்திடம் பணிவாக வந்தார்.

"மேடம், பேர் மாத்தினதும் உங்களுக்கு நெட்டு வந்துச்சே. என் லேப்டாப்புக்கும் ஒரு ராசியான பேர் சொல்லுங்களேன்?"

ஜீனத் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மூளைன்னு வைங்க சார். அப்படியாவது ஒரு நாள் திறப்பீங்க."